பேராசிரியர் சவரியின் சுவர்

இனிமேல் தன்னை யாரும் லேசாக நினைக்கக் கூடாது என்று சவரியப்பன் முடிவு செய்தார். சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில், காலண்டரின் தலையில் தகரப் பட்டை அடிக்கிற பிரிவுக்கு அவர் சூப்பர்வைசர். பிளஸ் டூ இயற்பியலில் இரண்டு முறை கோட்டை விட்டவர். அந்த ஏக்கம் இன்னும் ஆறவில்லை. மனைவி செல்வமணியோ ஆமத்தூர்ப் பக்கம் அறிவியல் டீச்சர். வீட்டில் பல்பு ஃபியூஸ் போனால்கூடக் காரணம் சொல்கிற உரிமை அவளுக்குத்தான்.

அவளுக்குத் தெரியாமல் இணையத்தில் ஓர் இயற்பியல் குழுவில் சேர்ந்தார். புதிதாக வருகிறவர்கள் அறிமுகம் எழுத வேண்டுமாம். "சவரியப்பன், தகரம்" என்று அடித்தார். மனசு கூசியது. அழித்தார். "பேராசிரியர் சவரி, கோயம்புத்தூர். இயற்பியலே என் மூச்சு!" ஒரே பூங்கொத்து மழை. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷம் அதிக நாள் நிலைக்கவில்லை. புதியவர்கள் எல்லாரும் ஞாயிறு மாலை காமிரா முன்னால் வந்து பேச வேண்டும் என்று குழுத் தலைவர் அறிவித்துவிட்டார்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை சட்டைய எதுக்குத் தேய்க்கீக?"

"கம்பெனி மீட்டிங். ஆன்லைன்ல. நீ உள்ள வந்துராத."

"நா எதுக்கு வாரேன்? எனக்கு அடுப்படில சோலி கெடக்கு. ஆமா, பின்னாடி சுவரு மொட்டையா இருக்கே. எடுப்பா இருக்காதுல்லா?"

"அதுக்கு என்ன செய்ய?"

"நீங்க கொண்டாந்த காலண்டர மாட்டுதேன், இருங்க."

இம்புட்டுக் கரிசனமா என்று அவர் உருகிப் போனார்.

கூட்டம் தொடங்கியது. "பிரபஞ்சம் என்பது..." என்று ஆரம்பித்தார். அது பெரியது என்று சொல்லி முடிப்பதற்குள் பானுப்பிரியா என்ற கல்லூரிப் பெண் கை தூக்கினாள்.

"சார், இப்ப ஆடி மாசம்தானே? உங்க பின்னாடி அடுத்த வருசக் காலண்டர் தொங்குதே!"

சிவகாசியில் ஆடிப்பெருக்குக்கே அடுத்த வருடக் காலண்டர் வந்துவிடும். பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தப்பாகவே படவில்லை.

"எங்க கோயம்புத்தூர்ல இப்படித்தான்..." என்று இழுத்தார்.

கோயம்புத்தூரிலிருந்தே ஒருவர் இருமினார்.

சவரியப்பனுக்குக் காது மடல் சுட்டது. அவமானம் பிடுங்கித் தின்றது. போனை அணைத்துவிட்டு ஓடியிருக்கலாம். ஓடினால் படிப்பும் அதோடு போச்சே.

"மன்னிச்சிருங்க. நா பேராசிரியர் இல்ல. சிவகாசில காலண்டருக்குத் தகரம் அடிக்கேன். இயற்பியல்ல ரெண்டு தடவ பெயிலு. படிக்கணும்னு ஆசை, அம்புட்டுத்தான்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது தேவலை.

"இதுக்கு ஏன் பொய்?" என்றார் குழுத் தலைவர் மெதுவாக. "முதல் பாடத்திலேர்ந்து சொல்லித் தர வகுப்பு இருக்கு. அதோட டீச்சர் நீங்க சேர்ந்த அன்னைக்கே உங்க போன் நம்பரைப் பார்த்து உங்களுக்கு இடம் போட்டு வெச்சுட்டாங்க. அவங்களே பேசட்டும்."

திரையில் இருட்டாகக் கிடந்த ஒரு கட்டம் வெளிச்சமானது. முதலில் தெரிந்தது அவர் வீட்டுக் குக்கர். அதற்கு முன்னால், கண்ணாடி மாட்டிக்கொண்டு, செல்வமணி.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது.

"சவரியப்பன்?"

குரல் போனிலும் கேட்டது, அடுப்படியிலிருந்தும் கேட்டது. அவர் எழுந்து நின்றார்.

"உள்ளேன், டீச்சர்."