படுக்க வைத்துப் பார்த்த பைக்

இந்த உலகத்தில் யாரையும் எதையும் நம்பாத மனிதர் ஒரே ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவரும் சரியாக எனக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தார்.

2004இல் கடலூரில் ஒரு வாகன இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் மரியாதைக்காக அவரிடம் போய் என் பெயரைச் சொன்னேன். மேலும் கீழும் பார்த்தார். "அப்படியா? பாத்துடுவோம்" என்றார். பெயரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. மதியம் என் நியமன உத்தரவை வாங்கிப் படித்துவிட்டு, "சரிதான்" என்று திருப்பிக் கொடுத்தார். ஆபீஸ் முழுக்க அவரைப் பாத்துடுவோம் சார் என்று ஏன் கூப்பிடுகிறார்கள் என்பது அன்றைக்கே விளங்கிவிட்டது.

வீடு சிதம்பரத்தில். தினமும் பஸ்ஸில்தான் வந்துபோவார். சாயங்காலம் பஸ்ஸில் ஏறியதும், "இது சிதம்பரம் போவுதா?" என்று கண்டக்டரைக் கேட்பார். போகும் என்பார் கண்டக்டர். அதோடு விடமாட்டார். முன்னால் போய் டிரைவரிடம் தனியாக அதையே கேட்பார். இரண்டு வாக்குமூலமும் ஒத்துப்போனால்தான் உட்காருவார். திருப்பாதிரிப்புலியூரில் நாங்கள் டீ குடிக்கும் கடையில் சர்க்கரை இல்லாத டீ கேட்டுவிட்டு மாஸ்டரின் கையையே பார்த்துக்கொண்டு நிற்பார். மாஸ்டர் பாவம், வெறும் ஸ்பூனை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் கலக்குவார்.

அவருக்கு அமைந்த வேலையும் அப்படி. விபத்தில் சிக்கியதாகச் சொல்லப்படும் வண்டிகளை நேரில் போய்ப் பார்த்து, சேதம் உண்மைதானா என்று எழுதிக்கொடுக்க வேண்டும். திட்டக்குடிப் பக்கம் ஒருவர், "முந்தாநாள் லாரிக்காரன் இடிச்சிட்டான் சார்" என்று நசுங்கிய பைக்கைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். போட்டோவில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இவர் நேரில் போய்ப் பார்த்தால், சக்கரக் கம்பிகளுக்குள் பூசணிக்கொடி நுழைந்து, சீட்டு வரைக்கும் ஏறி, மஞ்சளாகப் பூத்திருக்கிறது. "ரெண்டு நாள்ல பூ வைக்கிற பூசணிக்கு எந்தக் கடையில விதை வாங்குனீங்க? எனக்கும் கொஞ்சம் வேணும்" என்று கேட்டாராம். அதிலிருந்து போட்டோ என்றாலே அவருக்கு ஆகாது.

இப்படிப்பட்டவரின் உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆள் அத்தனை ஒல்லி. சட்டைதான் முதலில் வரும், அவர் பின்னாலேயே வருவார். ஆபீஸ் வேலைக்கென்று ஒரு பழைய ஸ்கூட்டரை ஆபீசிலேயே நிறுத்தி வைத்திருந்தார். ஆடி மாதம் பாலத்தில் போகும்போது லாரி ஒன்று முந்திப் போனால் போதும், ஸ்கூட்டரும் அவருமாகக் கைப்பிடிச் சுவரோரம் ஒதுங்கிவிடுவார்கள். அதற்காகக் காற்று நாட்களில் ஸ்கூட்டர் பெட்டியில் இரண்டு ஐந்து கிலோ எடைக்கல் வைத்துக்கொண்டு போவார். சரளைக்கல் ரோட்டில், ஏரிக்கரையில், கரும்புக்காட்டுச் சேற்றில் அந்த ஸ்கூட்டர் அவரைத் தள்ளாத இடம் இல்லை. 2011இல் ஒரே மாதத்தில் மூன்றாவது தடவையாக முட்டியில் கட்டோடு வந்து நின்றபோது மேனேஜர் கூப்பிட்டுவிட்டார்.

"சார், ஒண்ணு அந்த ரோட்டுக்கு ஏத்த வண்டி வாங்குங்க. இல்லன்னா இங்கயே ஒக்காந்து போட்டோவைப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க. ஆயுத பூஜைக்குள்ள சொல்லிடுங்க."

போட்டோவைப் பார்த்துக் கையெழுத்து! அவர் வெளியே வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. "தம்பி, கண்ணால பாக்காம நான் எப்படி எழுதறது? அதுக்கு வேலையை விட்டுட்டுப் போயிடலாம்" என்றார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. "மலை, காடு, மேடு பள்ளம் எல்லாம் ஏறுற உசரமான பைக்கு இப்ப வருது சார். நான் கூட வர்றேன், பாத்து வாங்கிடலாம்" என்றேன். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது.

முதலில் அவருடைய எடை தெரிய வேண்டுமாம். பஸ் ஸ்டாண்டு எடை மெஷின் நாற்பத்தாறு என்று சீட்டுக் கொடுத்தது. ஆஸ்பத்திரி மெஷின் நாற்பத்திரண்டு. "ரெண்டுல ஒண்ணு பொய். ரெண்டுமே பொய்யாக்கூட இருக்கலாம்" என்று என்னை நெல் மண்டிக்கு இழுத்துக்கொண்டு போனார். மூட்டை நிறுக்கும் தராசில், மூட்டை மாதிரியே குந்தி உட்கார்ந்துகொண்டார்.

"நாப்பத்தி நாலு மாமா" என்றார் எடை போட்டவர். "எங்க மூட்டையில பாதிக்குக் கொஞ்சம் ஜாஸ்தி."

"எறங்கினப்புறம் முள்ளு பூஜ்யத்துக்கு வருதான்னு பாருங்க தம்பி" என்றார் என்னிடம். வந்தது. ஒப்புக்கொண்டார்.

அடுத்து கடலூரில் ஒரு ஷோரூம். அங்கே நின்ற பைக்கைப் பார்த்தால் எனக்கே ஏணி வேண்டும் போலிருந்தது. விற்பனைப் பையன் அவரைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஒக்காருங்க சார், கால் நல்லா எட்டும்" என்றான். தானும் தாவிப் பின்சீட்டில் உட்கார்ந்தான். ஆச்சரியம்! சாரின் இரண்டு பெருவிரலும் தரையைத் தொட்டன. நான் கைதட்டாத குறை. பாத்துடுவோம் சார் மட்டும் கண்ணைச் சுருக்கினார்.

"தம்பி, நீங்க கொஞ்சம் எறங்குங்க."

"எதுக்கு சார்?"

"எறங்குங்க, பாத்துடுவோம்."

அவன் இறங்கினான். அவன் பாரத்தில் அமுங்கியிருந்த ஸ்பிரிங் மெதுவாக எழும்பியது. கூடவே சாரும் எழும்பினார். இரண்டு கால்களும் அந்தரத்தில் தொங்கின. நாங்கள் ஆளுக்கு ஒரு பக்கம் பிடிக்காவிட்டால் அன்றைக்கு நான்காவது கட்டும் விழுந்திருக்கும்.

"வண்டியோட இவரையும் சேத்துக் குடுப்பீங்களா?" என்று ஷோரூம் மேலாளரிடம் கேட்டுவிட்டு வெளியே வந்தார்.

இரண்டாவது ஷோரூமில் கால் எட்டியது. விலையும் ஒத்து வந்தது. இந்தத் தலைவலி முடிந்தது என்று நான் நினைத்தபோது அவர் கேட்டார்: "இதைக் கொஞ்சம் படுக்க வையுங்க."

"என்ன சார்?"

"கீழ படுக்க வையுங்க. நான் தூக்கிப் பாக்கணும்."

"புது வண்டி சார்! படுக்க வெச்சா கீறல் விழும். யாரு வாங்குவாங்க?"

"அப்ப கீழ விழவே விழாதுன்னு எழுதிக் குடுங்க."

உள்ளேயிருந்து இன்னும் இரண்டு பேர் வந்து எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். ஏழு வருடமாக அவர் மற்றவர்களைப் பார்த்த அதே பார்வை. திரும்பக் கிடைத்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ரோட்டுக்கு வந்தும் ஆறவில்லை. "எவ்ளோ வேகம் போவும், எவ்ளோ பெட்ரோல் குடிக்கும், எல்லாம் சொல்றான். நடுக்காட்டுல விழுந்தா நாப்பத்தி நாலு கிலோ ஆளு எப்படித் தூக்குவான்னு எவனாவது சொல்றானா?" என்றார். இவரோடு ஏன் வந்தோம் என்று நொந்துகொண்டிருந்த எனக்கு, அப்போதுதான் உறைத்தது. மனிதர் கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம்.

கடைசியில் சிதம்பரத்தில் ஒரு மெக்கானிக் கிடைத்தார். பழைய பைக்குகளை வாங்கிச் சரிபண்ணி விற்பவர். படுக்க வைக்கணும் என்றதும், "தாராளமா மாமா" என்று பட்டறைக்குப் பின்னால் மணலில் இரண்டு பைக்குகளைச் சாய்த்துப் போட்டார். ஒன்று ராட்சதன். இன்னொன்று ஒல்லியான மண்ரோட்டு வண்டி. பட்டை பட்டையான டயர், உயரமான மட்கார்டு, மற்றபடி அதுவும் சாரைப் போலவே எலும்பும் தோலும்.

ராட்சதனை அவர் கட்டிப்பிடித்து இழுத்தார். அது அசையவில்லை. அவர் மட்டும் அசைந்தார். முகமெல்லாம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. பார்க்கச் சகிக்காமல் நான் ஒரு கை கொடுக்க ஓடினேன்.

"கிட்ட வராதீங்க!" என்று கத்தினார். "நான் விழற எடத்துல நீங்க இருக்க மாட்டீங்க தம்பி!"

மெக்கானிக் சிரித்துக்கொண்டே சின்ன வண்டியைக் காட்டினார். "கையால இழுக்காதீங்க மாமா. வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்துங்க. ஒரு கையில ஹேண்டில் பாரு, ஒரு கையில பின்னாடி கம்பி. அப்பிடியே காலால உந்திப் பின்னாடி நடங்க."

சார் முதுகைக் காட்டிக் குந்தினார். உந்தினார். வண்டி எழுந்து நின்றது. நான் விசிலே அடித்துவிட்டேன். அவருக்குத் திருப்தியில்லை. "ஒரு தடவ தூக்குனது அதிர்ஷ்டமா இருக்கலாம்" என்று மறுபடி படுக்க வைத்தார். பத்துத் தடவை. பிறகு மணலில் தண்ணீர் ஊற்றச் சொல்லி, சேற்றில் இன்னும் ஐந்து தடவை. அந்த வண்டியைத்தான் வாங்கினார்.

ஆபீசில் கேலி தாங்கவில்லை. "பைக்குக்கு ஆபரேஷனா சார், இப்படி எளைச்சிருக்கு?" என்றார் ஒருவர். சார் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆயுத பூஜைக்கு முதல் நாள் திட்டக்குடிப் பக்கம் ஏரிக்கரைச் சேற்றில் இரண்டு தடவை விழுந்து, இரண்டு தடவையும் தானே தூக்கி நிறுத்தி, அறிக்கையோடு வந்து மேனேஜர் மேசை முன்னால் நின்றார். தலை முதல் கால் வரை சேறு. "ஊர் ஊராப் போங்க சார், ஆளை விடுங்க" என்று கும்பிட்டார் மேனேஜர். ஆபீஸ் வாட்ச்மேன் மேல் சந்தேகம் என்று சார் அந்த வண்டியைத் தினமும் சிதம்பரத்துக்கே ஓட்டிக்கொண்டு போனார்.

அந்த வருடம் டிசம்பர் கடைசியில்தான் புயல் வந்தது. கடலூரையே புரட்டிப் போட்ட புயல். என் சமையலறைக்கு மேலிருந்த சிமெண்ட் ஓட்டுக் கூரை பறந்து அடுத்த தெருவில் விழுந்தது. தென்னை மரம் கிணற்றின் மேல் சாய்ந்துவிட்டது. விடிந்த கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. பாத்துடுவோம் சார்.

"எப்படி இருக்கீங்க தம்பி?"

என் மனைவி ஈரச் சுவரோரம் இரண்டு குழந்தைகளையும் அணைத்துக்கொண்டு நின்றாள். இதை எங்கே சொல்வது, சிதம்பரத்தில் இருக்கும் மனிதர் என்ன செய்ய முடியும்? "நல்லா இருக்கோம் சார். ஒண்ணும் பிரச்சனை இல்ல" என்றேன். அதோடு போன் செத்துவிட்டது.

மறுநாள் மதியம் வாசலில் வண்டிச் சத்தம். ரோடெல்லாம் மரம், பஸ் இல்லை, கார் இல்லை. வண்டி எப்படி வரும் என்று எட்டிப் பார்த்தால், ஒரு கண்ணாடி உடைந்து, ஹேண்டில் பார் கோணி, இலையும் சேறுமாக அந்த ஒல்லி பைக் நிற்கிறது. அதன் மேல் ஒல்லியாக அவர்.

"எப்படி சார் வந்தீங்க? ரோடு முழுக்க மரமாச்சே!"

"ஏற முடியாத எடத்துல வண்டியைச் சாக்கு மேல படுக்க வெச்சு, மரத்துக்கு அடியில இழுத்து, அந்தாண்ட தூக்கி நிறுத்தினேன். பதினேழு மரம்." கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டார். உள்ளங்கை இரண்டும் தோலுரிந்திருந்ததை நான் பார்த்துவிட்டேன்.

பிறகு உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். என் மனைவியைப் பார்த்தார். குழந்தைகளை ஒன்று, இரண்டு என்று வாய்விட்டே எண்ணினார். தலையைத் தூக்கி, கூரை இருந்த இடத்தில் தெரிந்த வானத்தைப் பார்த்தார். வெளியே போய், வண்டியின் பின்னால் கட்டியிருந்த பெரிய மூட்டையை அவிழ்த்தார். புதுத் தார்ப்பாய், கயிறு, ஒரு கேன் தண்ணீர், நான்கு பாக்கெட் பன்.

"என்னா சார் இதெல்லாம்?" என்றேன்.

"நீங்க நல்லா இருக்கோம்னு சொன்னீங்க இல்ல? அதான் தார்ப்பாய் எடுத்துட்டு வந்தேன்" என்றார்.

அடுத்த வருடம் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போதும் தினமும் யாராவது போனில் எப்படி இருக்கீங்க என்று கேட்கிறார்கள். நல்லா இருக்கேன் என்கிறேன். எல்லோரும் உடனே நம்பிவிடுகிறார்கள். அப்போதெல்லாம் எனக்கு அவரைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.