பன்னிரண்டாவது குண்டு

உலகம் முழுவதும் நாற்பத்தைந்தில் முடிந்துபோன யுத்தம், மதுரைக்கு மேற்கே விளாங்குடியில் மட்டும் எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம்தான் முடிந்தது. அதுவரை அதை ஒற்றை ஆளாக நடத்திக்கொண்டிருந்தவர் சைரன்.

சைரன் அங்கிருந்த பழைய மாதா கோயிலின் கோயில்பிள்ளை. மணியடிப்பது, பெருக்குவது, மெழுகுவர்த்தி ஏற்றுவது அவர் வேலை. யுத்த காலத்தில் பட்டாளம் அந்தக் கோயிலை எடுத்துக்கொண்டது. பெஞ்சுகளை வெளியே போட்டுவிட்டு உள்ளே வெடிமருந்துப் பெட்டிகளை அடுக்கினார்கள். பூசை வேப்பமரத்தடிக்குப் போனது. மணிக்கூண்டில் அபாயச் சங்கு ஏறியது. அதன் கைப்பிடியைச் சுற்றும் வேலை அப்போது இளந்தாரியாக இருந்த இவருக்கு. மதுரை மேல் எந்த ஜப்பான்காரனும் குண்டு போடவில்லை. சைரன் என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

பட்டாளம் கிளம்பிய அன்று ஒரு ஹவில்தார் இவரைக் கிழக்குச் சுவரோரம் கூட்டிப்போய், குழிக்குள் இருந்த ஒரு பெட்டியைக் காட்டினாராம். பன்னிரண்டு மார்ட்டர் குண்டுகள். துருப்பிடித்தவை, லாரியில் ஏற்ற முடியாது. மண்ணைப் போட்டு மூடிவிட்டு, ஆள் வந்து எடுக்கும்வரை பார்த்துக்கொள் என்றாராம். ஹவில்தார் போனார். வெள்ளைக்காரனும் போனான். முப்பது வருஷத்துக்கு மேலாகியும் ஆள் வரவில்லை. சைரன் பார்த்துக்கொண்டார்.

அதில் தெருவே படாத பாடு பட்டது. இடத்தைச் சுற்றி முப்பதடிக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார். அதற்குள் கடப்பாரை கூடாது, உலக்கை கூடாது, தொம்தொம்மென்று நடக்கவும் கூடாது. கல்யாண பேண்டு செட்டு திண்டுக்கல் ரோட்டோடு நின்றுவிட வேண்டும். ஒரு மாப்பிள்ளையின் தாய்மாமன் சரவெடி கொளுத்தியபோது, பாதி வாளித் தண்ணீரைச் சரவெடி மேலும் மீதியைத் தாய்மாமன் மேலும் ஊற்றினார். மாதம் ஒரு ஞாயிறு ஒத்திகை. மணி விட்டுவிட்டு அடித்தால், காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு எல்லோரும் கண்மாய்க் கரைக்கு ஓட வேண்டும். எதிர்த்த டீக்கடை பாய் பாய்லரை அணைத்துவிட்டு முதல் ஆளாக ஓடுவார். அந்த மனுசன் மனசு நோகக் கூடாதே என்பார்.

நான் அந்த டீக்கடை மாடியில் குடியிருந்தேன். நாகமலை புதுக்கோட்டையில் டைப்பிஸ்ட் வேலை. ராணுவத்துக்கு மனு எழுத சைரன் என்னிடம்தான் வருவார். ஆறேழு மனு டைப்படித்துக் காட்டி, தபாலில் போட்டுவிட்டதாகச் சொன்னேன். ஒன்றையும் போடவில்லை. கிறுக்கு மனுஷனின் மனுவில் என் டைப்பைப் பார்த்து யாராவது சிரித்துவிடுவார்களோ என்ற கூச்சம்.

புதிதாக வந்த சாமியார் நல்லவர், சுறுசுறுப்பானவர். கிழக்குச் சுவரோரம் ஒரு மண்டபம் கட்ட நினைத்தார். இத்தனை வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே என்று சைரனிடம் தன்மையாகச் சொல்லிப் பார்த்தார்.

"நான் பாத்துக்கிட்டதாலதான் சாமி ஆகல" என்றார் சைரன்.

அவர் கோச்சடையில் ஒரு சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போயிருந்த காலையில் சாமியார் ஆள் விட்டுத் தோண்டச் சொன்னார். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இடுப்பளவு ஆழத்தில் கடப்பாரை எதன்மீதோ மோதி 'ணங்' என்றது. குழிக்குள் நின்றவர் அப்படியே உறைந்துவிட்டார். சாமியாரின் உதடுகள் மட்டும் அசைந்தன.

அந்த நேரம் பார்த்து சைரனின் சைக்கிள் வந்தது. அவர் கத்தவில்லை. சைக்கிளைக்கூட மெதுவாகத்தான் சாய்த்து வைத்தார்.

"மாப்ள, கடப்பாரையப் பிடுங்காத. அப்படியே விட்டுட்டு, ஒவ்வொரு காலா எடுத்து வச்சு மேல வா."

குழிக்குள் நின்றவர் ஒவ்வொரு அடியாக மேலே வந்து சேர்ந்தார். பிறகு மணி விட்டுவிட்டு அடித்தது. பத்து நிமிஷத்தில் தெருவில் ஒரு கோழிகூட இல்லை. கிழவிகளெல்லாம் காதில் பஞ்சோடு கண்மாய்க் கரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை ஞாயிறும் சிரித்துக்கொண்டே ஓடிப் பழகிய கால்கள்.

முதலில் போலீஸ் வந்தது, மறுநாள் ராணுவத்தார் வந்தார்கள். ஒவ்வொரு குண்டாக எடுத்து மணல் மூட்டைகளுக்கு நடுவே வைத்தார்கள். நான் சைரனுக்குப் பக்கத்தில் நின்றேன். தாங்க முடியாமல், மனு ஒன்றையும் போடவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"அத அப்புறம் பேசுவோம். பதினொண்ணுதான் வந்திருக்கு."

எண்ணிக்கை தப்பியிருக்கும் என்றார் அதிகாரி. சைரன் அசையவில்லை. தொட்டு எண்ணியது, பன்னிரண்டுதான் என்றார். பெட்டியின் ஒரு மூலை உடைந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்:

"நான் டைபாய்டுல பெரியாஸ்பத்திரியில கெடந்தப்ப இங்கன யாராச்சும் தோண்டுனீகளா?"

சாமியார் வீட்டுச் சமையல்காரர் முன்னால் வந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. பழைய சாமியார் காலத்தில் சாக்கடைக்கு வாய்க்கால் வெட்டியபோது, கனமாக, துருவேறிப்போன ஏதோ ஒரு இரும்பு கிடைத்ததாம். கழுவி, வெள்ளிப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறாராம்.

"எங்கன?"

"சாமி ஆபீஸ் ரூம் கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கு."

சாமியார் தரையில் உட்கார்ந்துவிட்டார். வந்த நாள் முதல் தினமும் காலையில் அதைக் காலால் தள்ளித்தான் கதவைத் திறந்திருக்கிறார். ஒருமுறை அவருக்காகக் காத்திருந்தபோது, நானும் அதன்மேல் கால் வைத்து செருப்பு வாரை மாட்டியிருக்கிறேன். அன்று நல்ல மேல்காற்று வேறு. ஆபீஸ் கதவு அசைவது கோட்டுக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. சைரன் அதை நோக்கி நடந்தார். அதிகாரி அவரைத் தடுத்து உட்கார வைத்துவிட்டுத் தான் உள்ளே போனார். கால்மணி நேரம் ஆனது. பெயிண்ட் அடித்த குண்டோடு அதிகாரி வெளியே வந்தபோது சைரன் சொன்னது ஒரே வார்த்தை. "பன்னெண்டு."

வைகை மணலில் ஆளில்லாத இடமாகப் பார்த்து அவற்றை வெடிக்க வைத்தார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் சைரன் ஒரு விரலை மடக்கினார். முடிந்ததும் என் தோளில் கை வைத்தார்.

"நம்பாதவுக எம்புட்டோ பேருப்பா. நம்பாமயும் உக்காந்து டைப்படிச்சுக் குடுத்தவன் நீ ஒருத்தன்தான்."

அடுத்த ஞாயிறு பூசையில், கோயிலுக்குள் உட்கார்ந்தே பார்த்திராத சைரன் கடைசி பெஞ்சில் சாய்ந்து தூங்கிவிட்டார். நல்ல குறட்டை. சாமியார் பார்த்தார், பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்தினார். பாட்டுக்காரப் பெண்கள் ஆர்மோனியத்தை மூடிவிட்டு முணுமுணுப்பாகப் பாடினார்கள். வாசலில் பாயும் நானும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அவர் தானாக விழிக்கும்வரை காவலுக்கு நின்றோம்.