கப்பல் ஓடினவன் விரித்த பாய்

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு முப்பத்திரண்டு வயதுவரை வரவில்லை. வந்த இடம் இத்தாலியின் பலெர்மோக் கடல். அப்போது காலில் சப்பாத்தோடு தண்ணீருக்குள் கிடந்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மனைவியும், நான் அதுவரை பார்த்திராத கைக்குழந்தையும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட எனக்கு பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி வேண்டும். அதற்கு வேலை தருபவரின் கையெழுத்து வேண்டும். ஒரு சின்யோரா, வசதியான இத்தாலிய அம்மா, வீட்டு வேலைக்கு ஆள் தேடினார். என்னோடு அறையில் இருந்த மன்னார் யோசேப்பு அண்ணை மொழிபெயர்க்க வந்தார்.

எல்லாம் கதைத்து முடிந்தபின் சின்யோராவின் கணவர் ஏதோ கேட்டார்.

"நீ கப்பல் ஓடினனியோ எண்டு கேக்கிறார்," என்றார் அண்ணை.

"ஓம், மூண்டு வருஷம்."

பொய்யில்லை. கப்பலில் வேலை செய்த எவரும் எங்கள் ஊர்ப் பேச்சில் கப்பல் ஓடினவர்தான். கப்டனும் ஓடினவர், சமையலறையில் வெங்காயம் உரித்த நானும் ஓடினவன். ஆனால் மனிதர் எழுந்துவந்து என் கையைக் குலுக்கியபோது (வெங்காயத்துக்கு யார் கை குலுக்குவார்கள்?) எங்கேயோ பிழை நடந்துவிட்டது என்று எனக்கு விளங்கியது. வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் என்னை நானே அறையலாம் போலிருக்கும்.

ஞாயிறு தன் படகில் உதவிக்கு வரச் சொன்னார். திங்கள் கையெழுத்து.

"அண்ணை, படகிலை என்ன சொல்லுவாங்கள்?"

"வேலா எண்டால் பாய். அப்ரி எண்டால் விரி. இவ்வளவும் காணும், போ."

துறைமுகம் தாண்டியதும் அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "அப்ரி லா வேலா!" என்று கத்தினார். மூலையில் சின்யோரா வெயில் காயப் படுக்கும் கோரைப்பாய் சுருட்டி வைத்திருந்தது. எடுத்து அவர் காலடியில் விரித்தேன். சுருக்கமும் நீவினேன். அவர் இன்னும் பலமாகக் கத்தினார். (இருக்கச் சொல்கிறாராக்கும் என்று நினைத்து நானே அதில் சம்மணம் கட்டி இருந்தேன்.)

மன்னார்க் கடற்கரைக்காரருக்குப் பாய் என்றால் காற்றுக்கு விரிப்பது. செம்மண் தோட்டக்காரனான எனக்கு அது படுப்பதற்கு.

கடைசியில் அவரே கயிற்றை அவிழ்க்க ஓடிவந்தார். என் பாயில் வழுக்கிக் கடலுக்குள் விழுந்தார். காப்பாற்ற நானும் குதித்தேன். எனக்கு நீந்தத் தெரியாது என்பது குதித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவர் என் சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்தபோது, "நொன் சோ! நொன் சோ!" என்று அலறினேன். தெரியாது, தெரியாது.

திங்கள் கையெழுத்து விழவில்லை. வேறொரு வீட்டில் அது கிடைக்க இரண்டு வருஷம் எடுத்தது. விமான நிலையத்தில் என் மகள் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டு என்னை "மாமா" என்றாள்.

இப்போது பலெர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஆட்கள் சாப்பிட வந்தால், அதே மகள், "பப்பா, அப்ரி லா வேலா!" என்று கத்துவாள். நான் பாயை விரிப்பேன். வீடே சிரிக்கும், மனைவியும் சிரிப்பாள்.

ஒரேயொரு முறை, கோப்பை கழுவிக்கொண்டே சொன்னாள்: "நீங்கள் இஞ்சை ஒருக்காப் பாயை விரிச்சியள். நான் அங்கை இன்னும் ரெண்டு வருஷம் தனியப் பாய் விரிச்சனான்."

அன்றிலிருந்து பாயை விரிப்பது மட்டுமல்ல, சுருட்டி வைப்பதும் நான்தான்.