சாராள் அத்தையின் ஆர்க்கிட் இலையில் ஐம்பத்தாறு புள்ளிகள்

கும்மிடிப்பூண்டி,
சனிக்கிழமை, மாலை.

அன்புள்ள சாராள் அத்தைக்கு,

நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல், உண்மையை மட்டுமே இந்தக் கடிதத்தில் பதிவு செய்யப்போகிறேன். கர்த்தரின் கிருபையால் நாங்கள் மூன்று பேரும் சுகம். பூனேயில் நீங்களும் உங்கள் டிரெயினிங்கும் சுகமாக இருக்க வேண்டுகிறோம். கடிதம் நான்காவது ஆளைப் பற்றியது. போனில் சொன்னால் அம்மா நடுவில் பிடுங்கி வேறு மாதிரி சொல்லிவிடுவார். நீங்கள் எங்களிடம் விட்டுப்போன ஆர்க்கிட் செடி உயிரோடு இருக்கிறது. இதை முதலிலேயே எழுதிவிட்டதால் நீங்கள் பதறாமல் மேலே படிக்கலாம்.

போன திங்கட்கிழமை காலையில் நான்கு இலைகளில் மொத்தம் ஏழு பழுப்புப் புள்ளிகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றைச் சுற்றியும் மெல்லிய மஞ்சள் வளையம். நான் உடனே நூலகப் புத்தகத்தைத் திறந்தேன். புள்ளி ஒன்றிரண்டு என்றால் அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்தால் போதும், இலை முழுக்கப் பரவினால் இலையையே எடுத்துவிட வேண்டும் என்று போட்டிருந்தது. பிளேடு எடுக்கப் போனபோது அப்பா தடுத்தார். வார்ப்பட இரும்பில் ஓட்டை பார்ப்பது அவர் வேலை என்பது உங்களுக்கே தெரியும். "எண்ணாம கை வெக்காத. எங்க கம்பெனில எதுவா இருந்தாலும் மொதல்ல கவுன்ட்டு, அப்புறம்தான் கட்டிங்கு. பரவுதா இல்லயான்னு ரெண்டு நாள் பாக்கலாம்" என்றார். சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்து, எண்ணியதற்கு அடையாளமாக ஒவ்வொரு புள்ளிக்குப் பக்கத்திலும் கம்பெனியின் பழுப்பு மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, காலண்டர் தாளில் ஏழு என்று எழுதினார்.

அப்பாவுக்குக் காலை ஷிஃப்ட், அம்மாவுக்கு மதிய ஷிஃப்ட். அவர் வரும்போது இவர் பஸ் ஏறியிருப்பார், இவர் வரும்போது அவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் பேசிக்கொள்வதே காலண்டர் தாளில்தான். அம்மாவும் பேக்கிங் கம்பெனியில் அட்டைப்பெட்டி எண்ணுகிறவர். செவ்வாய் காலை கண்ணாடி போடாமல் எண்ணிப் பதினான்கு என்று எழுதி, தானும் பதினான்கு புள்ளி வைத்தார். சாயங்காலம் அப்பா இருபத்தெட்டு. புதன் காலை அம்மா ஐம்பத்தாறு. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து காலண்டரைத்தான் படித்தேன், இலையைப் படிக்கவில்லை. இந்தத் தவறு என்னுடையது.

அதற்குள் விஷயம் வீட்டு ஓனர் பரசுராமன் அங்கிள் வரைக்கும் போய்விட்டது. அவர் வந்து பார்த்து, "இது குலைநோய்மா, என் நெல்லுக்கு வந்துதே, அதேதான்" என்று ஒரு பாட்டிலை நீட்டினார். ஏக்கருக்கு இருநூறு மில்லி. நான் கணக்குப் போட்டேன். அரை அடிக்கு அரை அடி தொட்டிக்கு, ஒரு சொட்டில் நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு வந்தது. "மிச்ச சொட்ட இன்னா பண்றது?" என்று கேட்டார். இதற்கு ஆர்க்கிட் புத்தகத்தில் பதில் இல்லாததால் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"பூரா லாட்டும் ரிஜெக்ட்டு" என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். அது ராபின் மாமா உங்களுக்குக் கொடுத்த முதல் பரிசு, அடுத்த வாரம் ஞாயிறு அவர் அதைப் பார்க்கவே வருகிறார், செடி செத்தால் உங்கள் நிச்சயதார்த்தத்துக்கே அபசகுனம் என்று அம்மா காலண்டரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். ஆகவே அன்று சாயங்காலம் பிளேடை வெந்நீரில் கழுவி, நான்கு இலைகளையும் வெட்டினேன். வெட்டியது நான்தான்.

ஒரு இலையை அறிவியல் நோட்டில் ஒட்டி வைக்கலாம் என்று ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். புள்ளிகள் பஞ்சோடு வந்துவிட்டன. நான்கையும் துடைத்தேன். ஏழுதான் மிஞ்சியது. வியாழக்கிழமை அம்மாவுக்கு வார லீவு. இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பஞ்சைக் காட்டினேன்.

"நீ வெச்ச புள்ளிய நான் எண்ணிக்கினு, நான் வெச்சத நீ எண்ணிக்கினு... யோவ், பக்கத்துல புள்ளி வெச்சிருக்கேன்னு ஒரு வார்த்த எழுதக் கூடாதா?"

"நீ கண்ணாடி போட மாட்டியா? உன்ன யாரு பெட்டி எண்ண வெச்சது?"

"உன்ன ஓட்ட பாக்க வெச்சவன சொல்லணும்!"

அத்தை, ஒரு வாரத்தில் அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அதுதான் முதல் முறை. நான் அதைக் கெடுக்கவில்லை.

இப்போது நிலைமை என் கையில். வெட்டிய இடங்களில் பட்டைத் தூள் வைத்திருக்கிறேன். ஜன்னல் பக்கம் பிரியாணி வாசனை வருகிறது என்று அப்பா இரண்டு முறை வந்து பார்த்தார். பூத்தண்டின் கணுக்களில் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்த மாவுப்பூச்சிகளை ஒவ்வொன்றாக ஸ்பிரிட் பஞ்சால் எடுத்தேன், முப்பத்தொன்று. இதை நானே எண்ணினேன், வேறு யாரையும் எண்ண விடவில்லை. இலை மேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்திவிட்டேன், ஜன்னலைத் திறந்து வைக்கிறேன். இரண்டு இலையும் இரண்டு மொட்டும் பாக்கி. ஒரு புது வேர் பச்சை நுனியோடு எட்டிப் பார்க்கிறது. செடி பிழைக்கும், இது உறுதி. ராபின் மாமாவிடம் மட்டும் ஒரு மாதம் கழித்து வரச் சொல்லுங்கள்.

உங்கள் டிரெயினிங் நல்லபடியாக முடிய மூவரும் ஜெபிக்கிறோம். அப்பா, அம்மா அன்பைச் சொல்லச் சொன்னார்கள், தனித்தனியாக.

இப்படிக்கு,
அன்பு மருமகள்,
பெனிட்டா, ஒன்பதாம் வகுப்பு.

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போதே ராபின் மாமா ஒரு வாரம் முன்னதாக வந்து நின்றார். வாசலில் அம்மாவின் மணி பிளான்ட் கொடியைப் பார்த்து, "நான் குடுத்த செடியா இது? இன்னாமா வளந்துக்குது! சாராளுக்கு ராசியான கை!" என்று சொல்லி, அதைக் கட்டிப்பிடித்தபடி போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பிவிட்டார். ஆகையால் மேலே எழுதியது எதையும் அவரிடம் சொல்ல வேண்டாம். படத்தில் இருப்பது ஆர்க்கிட் இல்லை என்றும் சொல்ல வேண்டாம். டீ குடித்துவிட்டு உள்ளே வந்து, "ஜன்னல்ல இன்னா அது, ரெண்டு எலை?" என்று ஓர் அடி எடுத்து வைத்தார். "கரண்ட்டு போச்சு!" என்றார் அப்பா. தெரு முழுக்க வெளிச்சம். எங்கள் வீட்டில் மட்டும் விளக்குகள் அணைக்கப்பட்டன.