மூன்றாவது பல்

வெளிநாட்டுச் சிறைகளில் வாடும் குடிமக்கள்மீது நம் வெளியுறவுத் துறைக்குள்ள அக்கறை அளவிட முடியாதது என்கிறார்கள். தவறு. அளந்தே வைத்திருக்கிறார்கள்.

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். பிழைக்கப் போன நாட்டில், அவன் பழுதுபார்த்த லிஃப்டில் அந்த ஊர் மந்திரி இருபது நிமிடம் மாட்டிக்கொண்டார். தம்பி மூன்று மாதமாக உள்ளே. ஞாயிறுதோறும் இரண்டு நிமிடம் போனில் பேச விடுவார்கள். ஒரு ஞாயிறு பேச்சு குழறியது.

"ரெண்டு கடவாப்பல்லு போயிடுச்சுக்கா. அவகிட்ட சொல்லிடாதே."

ஸ்பீக்கர் போட்டிருந்தது. அவன் பெண்டாட்டி பக்கத்தில்தான் நின்றாள்.

மறுநாள் இருவரும் துறைக்குப் போனோம். நான்காம் மாடி. அதிகாரி ஓர் அட்டவணையை எடுத்து விரலால் தடவினார்.

"ஒரு பல்லுன்னா 'கவனத்தில் கொள்கிறோம்'. ரெண்டுன்னா 'கவலை'. நீங்க கவலையில வந்துட்டீங்க."

"அவரை எப்போ சார் வெளியே கொண்டு வருவீங்க?" என்றாள் அவள்.

"அதெல்லாம் கண்டனத்துக்கு அப்புறம்மா. மூணு பல்லுக்கு 'ஆழ்ந்த கவலை'. எலும்புக்குத்தான் கண்டனம். அவங்க தூதரை வரச்சொல்லி, டீ கொடுக்காம அனுப்பிடுவோம்."

"எலும்பு உடையற வரைக்கும் நாங்க காத்திருக்கணுமா?" என்றேன்.

"இப்பவே கண்டிச்சுட்டா, நாளைக்கு உடைஞ்சா கண்டிக்க எங்க கையில என்ன இருக்கும்? யோசிங்க."

யோசித்தேன். அதிலும் ஒரு நியாயம் இருந்து தொலைத்தது.

கவலைக் கடிதம் எங்கள் கண்ணெதிரே தயாரானது. கூடவே அந்த அட்டவணையின் நகலையும் வைத்து ஒட்டினார்.

"அது எதுக்கு சார்?"

"நம்ம கவலை எவ்வளவுன்னு அவங்களுக்கும் தெரிய வேண்டாமா?"

அடுத்த ஞாயிறு தம்பி தெளிவாகப் பேசினான். "இப்பல்லாம் பல்லுல கை வைக்கறதில்லைக்கா. ஜெயிலர் அந்த லிஸ்ட்டைச் சுவத்துல ஒட்டிட்டார். படிச்சுப் பாத்துட்டுத்தான் அடிக்கறாங்க. உள்ளங்கால் அதுல இல்லியாம்."

மறுநாள் காலையிலேயே ஓடினோம். அதிகாரிக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

"பாத்தீங்களா, மூணாவது பல்லைக் காப்பாத்திட்டோம்."

"உள்ளங்காலு?"

"சேர்க்கலாம். குழு போடணும். அதுக்கு முன்னாடி பல் விஷயம் முடிஞ்சதுன்னு குடும்பத்துல ஒருத்தர் எழுதிக் கொடுக்கணும்."

காகிதம் தயாராகவே இருந்தது. 'துறையின் துரித நடவடிக்கையால் குடும்பத்தினர் மனநிறைவு அடைந்தனர்.'

"கையெழுத்துப் போடாதீங்க அண்ணி," என்றாள் அவள்.

"போடலைன்னா குழு இல்லைம்மா," என்றார் அவர்.

போட்டேன்.

மாலைக்குள் அது செய்தியாகி எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. நாற்பத்தோரு பேர் கைகூப்பி நன்றி சொல்லியிருந்தார்கள். கூடப் பிறந்தவள் சும்மா இருந்தால் நன்றாயிருக்காதே என்று நானும் ஒரு கைகூப்பு போட்டேன்.