ஒரே ஒரு நாள் திறந்த பட்டணம்

பத்தாங் பெர்ஜுந்தை,
14.8.1988

என் மரியாதைக்குரிய மாப்பிள்ளை கார்த்திகேசு அவர்களுக்கு,

மைத்துனன் உடையப்பன் வணக்கம் கூறி எழுதுவது. இங்கே நானும் இராஜம்மாவும் உடம்பளவில் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் என் தங்கை லீலாவதியும் பிள்ளைகளும் முருகன் துணையால் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் உங்கள் கிராணி உத்தியோகம் எப்போதும்போல் கௌரவமாக நடக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நிற்க.

சென்ற மாதம் நீங்கள் எழுதியிருந்தீர்கள்: உங்கள் தோட்டத்து ரப்பர் ஸ்டோருக்குக் காவலாள் தேவைப்படுகிறது, கெர்லிங்குக்கே வந்துவிடுங்கள், பின்பக்க அறையை ஒழித்துத் தருகிறேன் என்று. அதற்கு நான், எங்கள் ஊர் மறுபடி எழுந்து நிற்கப்போகிறது, உடையப்பன் அடுத்தவன் வீட்டுப் பின்பக்கத்தில் வந்து ஒண்டுகிற ஆள் இல்லை என்று கொஞ்சம் தடித்த வார்த்தையில் பதில் போட்டுவிட்டேன். அந்தக் கடிதத்தைத் தயவுசெய்து அடுப்பில் போட்டுவிடுங்கள். நாங்கள் வருகிறோம். அடுத்த மாதம் முதல் தேதிக்கு லோரி சொல்லியாகிவிட்டது. காரணத்தை நீங்கள் அடுத்தவர் வாயால் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது.

பெண் பார்க்க வந்தபோது எங்கள் ஊரைப் பார்த்தவர்தானே நீங்கள். ஈயக் குளங்களில் ஒவ்வொரு கப்பலும் மாடி வீடு மிதக்கிற மாதிரி நின்றுகொண்டு, ஓயாத இரைச்சலோடு சேற்றை அள்ளி ஈயம் சலித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் நின்றால்தான் குழந்தைகள் விழித்து அழும். சம்பள நாளில் கடைத்தெருவில் சைக்கிளை உருட்டிக்கொண்டுகூடப் போக முடியாது. உங்கள் அம்மா அந்தக் கூட்டத்தில் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு, மற்றதை மட்டும் வைத்து என்ன செய்ய என்று அதையும் இங்கேயே கழற்றிப் போட்டுவிட்டுப் போனார்களே! மூன்று வருஷத்துக்கு முன் ஈய விலை விழுந்தது. கப்பல்கள் ஒவ்வொன்றாக நின்றன. கப்பலில் இருபத்தாறு வருஷம் விஞ்சு என்கிற இழுவை எந்திரம் ஓட்டிய எனக்கு மூன்று வரியில் ஒரு நன்றிக் கடிதம் வந்தது. பிறகு நகைக்கடை பூட்டு, போட்டோ ஸ்டூடியோ பூட்டு, சினிமாக் கொட்டகை பூட்டு. இப்போது கடைத்தெரு நடுவில் ஆடுகள் படுத்திருக்கின்றன, பஸ்தான் அவற்றைச் சுற்றிக்கொண்டு போகிறது.

இந்த நிலையில்தான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நடராஜா வாத்தியார் ஒரு மறுமலர்ச்சிக் குழு ஆரம்பித்தார். கிள்ளானில் ரப்பர் கையுறை செய்கிற எம். எல். வோங் என்கிற முதலாளி இரண்டாவது ஆலைக்கு இடம் தேடுவதாகவும், ஈயம் கழுவிய எங்கள் பழைய கொட்டகையைப் பார்க்க 11-ஆம் தேதி வியாழக்கிழமை வருவதாகவும் வாத்தியாருக்குத் தகவல் வந்தது. இருநூறு பேருக்கு வேலை! உடனே கூட்டம் போட்டார்.

"செத்த ஊருல யாரு ஆலை போடுவா? முதலாளி வர்ற அன்னைக்கு ஊரு உயிரோட இருக்கணும். பூட்டுன கடை அத்தனையும் திறக்கிறோம். நாமளே கடைக்காரன், நாமளே வாடிக்கை."

"அது பொய்தானே வாத்தியாரே?" என்று கேட்டேன்.

"பொய் இல்லப்பா, ஒத்திகை! நாளைக்கு நடக்கப்போறத இன்னைக்கே நடத்திப் பாக்கிறோம் லா" என்றார். படித்தவர் சொன்னால் எதுவும் சரியாகத்தான் படுகிறது.

எனக்குக் கொடுத்த வேஷம் கடிகாரக் கடைக்காரன். மூக்குக் கண்ணாடி போட்டிருக்கிறேன் என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது. கப்பலில் வெல்டிங் வேலை பார்த்த சுப்பிரமணியம் ஜவுளிக் கடைக்காரர். விற்க ஜவுளி வேண்டுமே, வீட்டுக்கு வீடு புடவை வாங்கித் தொங்கவிட்டார்கள். எங்கள் வீட்டிலிருந்து இராஜம்மாவின் கல்யாணப் புடவையும் போயிற்று. வாடிக்கையாளராகப் போன இடத்தில் அவள் அதைத் தொட்டுப் பார்க்க, சுப்பிரமணியம் வேஷத்தில் ஊறிப்போய், "புதுச் சரக்கும்மா, நேத்துதான் மெட்ராஸ்லேருந்து எறக்குனது" என்றிருக்கிறார். "என் புடவைக்கு எனக்கே வெலை சொல்றீங்களா?" என்று அவள் போட்ட சத்தம் என் கடைக்குக் கேட்டது. அத்தோடு விட்டாளா? வாடிக்கைப் பெண்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க ஒரே கடை வாசலில் குவிந்துவிட்டார்கள், மற்ற கடைகள் ஈயாடுகின்றன. இவள் நடுத்தெருவில் நின்று, "நீங்க ஆறு பேரு நகைக்கடை! நீங்க மருந்துக்கடை! கை தட்டுனா மாறிக்கணும்!" என்று அணி பிரித்து அனுப்பினாள். அவள் இல்லாவிட்டால் அன்றைக்கு ஊர் பாதிதான் உயிரோடு இருந்திருக்கும்.

சரியாகப் பத்து மணிக்கு நீளமான கறுப்புக் கார் வந்து நின்றது. கழுத்துப்பட்டி கட்டிய பெரிய மனிதர் ஒருவர் இறங்கினார். மேளம் முழங்கியது. வாத்தியார் ரோஜா மாலை போட்டு, மூன்று பாஷையில் எழுதிய வரவேற்புரையை மூன்றிலும் முழுதாகப் படித்தார். பெரிய மனிதர் நெகிழ்ந்து போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். வடை, கேசரி, இளநீர் எல்லாம் உள்ளே போனபிறகுதான், "பழைய இரும்பு எடுக்கப் போன இடத்துல இதுவரைக்கும் யாருமே எனக்கு மாலை போட்டதில்ல" என்று மலாயில் சொல்லியிருக்கிறார். நின்றுபோன கப்பலை அறுத்து எடைக்கு எடுத்துக்கொண்டு போக வந்தவர் அவர்! நான் இருபத்தாறு வருஷம் சோறு தின்ற கப்பலை வெட்ட வந்தவனுக்கு ஊரே கூடி மாலை போட்டிருக்கிறோம் மாப்பிள்ளை. வாத்தியார் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம்.

இது எதுவும் தெரியாமல், முதலாளிதான் வந்து இறங்கிவிட்டார் என்ற நினைப்பில் நான் கடையில் இருந்தேன். சேறு படிந்த வேனை ஓரமாக நிறுத்திவிட்டு, ரப்பர் செருப்பு போட்ட சீனப் பெண்மணி ஒருவர் உள்ளே வந்தார். வயது ஐம்பது இருக்கும். உலு யாம் ஊரில் ரப்பர் பால் வாங்கிய குடும்பமாம், பால்மரம் வெட்டும் தமிழாட்களின் பிள்ளைகளோடு வளர்ந்ததால் தமிழ் பேசினார்.

"அண்ணே, இந்தக் கடியாரம் நின்னு போச்சி லா. கொஞ்சம் பாருங்க."

எப்படி முடியாது என்பது? வாங்கினேன். பின்மூடியை நெம்பினேன். உள்ளேயிருந்து ஒரு கம்பிச்சுருள் 'டிங்' என்று எழும்பி என் காதோரமாகப் பறந்து போனது. இரண்டு பேரும் தரையில் தவழ்ந்து தேடினோம். கிடைக்கவில்லை. எழுந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தேன்.

"மன்னிச்சிருங்கம்மா. நான் கடியாரக்காரன் இல்ல. கப்பல்ல விஞ்சு ஓட்டுனவன். இது கடையும் இல்ல. இந்தத் தெருவுல எதுவுமே நெசம் இல்ல" என்று சொல்லிவிட்டேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "அப்ப நெசம் என்னா?" என்றார். யாராவது அப்படிக் கேட்கமாட்டார்களா என்று மூன்று வருஷம் காத்திருந்தவன்போல எல்லாவற்றையும் கொட்டினேன். வாங்கம்மா காட்டுகிறேன் என்று ஈயக் கொட்டகைக்கே கூட்டிப் போனேன். கூரை ஒழுகுகிறது, வடக்கு மூலையில் மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும், பம்பு இரண்டில் ஒன்று குப்பை, ஆனால் குளத்தில் தண்ணீர் வற்றாது, பாய்லர் தெரிந்த ஆட்கள் ஒன்பது பேர் சும்மா இருக்கிறார்கள், பெண்கள் ரப்பர் பால் வாசத்திலேயே பிறந்தவர்கள் என்று ஒன்று விடாமல் சொன்னேன். திரும்பி வரும்போது தெருவில் கையைத் தட்டி அணி மாற்றிக்கொண்டிருந்த இராஜம்மாவைக் காட்டி, "அந்த அம்மா யாரு?" என்றார். "அது மட்டும் நெசம்தான், என் சம்சாரம்" என்றேன். சிரித்துக்கொண்டே வேனில் ஏறினார். கதவில் ஆங்கிலத்தில் பெயர் எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். எம். எல். வோங்.

மாப்பிள்ளை, ஊரின் ஓட்டையெல்லாம் நான் எடுத்துக் காட்டியது அந்த முதலாளிக்கேதான். நடந்ததை அன்றைக்கே நானே போய் வாத்தியாரிடம் சொன்னேன், மூன்று நாளாக அவர் என் முகத்தில் விழிப்பதில்லை. "இருநூறு பேரு சோத்துல மண்ண போட்டுட்டியே" என்று சுப்பிரமணியமே சொல்லிவிட்டார். காப்பிக் கடையில் நான் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து போய்விடுகிறார். இனி இந்த ஊரில் எனக்கு என்ன இருக்கிறது? காவல் வேலையாவது ஒழுங்காகப் பார்ப்பேன். அதில் பேச வேண்டியது குறைவு. அறையை ஒழித்து வையுங்கள்.

தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். தங்கள் பெற்றோரின் பாதங்களுக்கு எங்கள் இருவரின் நமஸ்காரம்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்,
மு. உடையப்பன்

பி.கு. (17-ஆம் தேதி, புதன்): தபால்தலை வாங்க மறந்து கடிதம் வீட்டிலேயே கிடந்தது, நல்லதாயிற்று. அறையை ஒழிக்க வேண்டாம். நேற்று அந்த அம்மாள் மறுபடி வந்தார். "ஆறு ஊரு பாத்தேன் அண்ணே. எல்லாரும் நல்ல ஊரு, நல்ல ஊருன்னாங்க. எங்க தண்ணி நிக்கும்னு ஒருத்தரும் சொல்லல" என்றார். கொட்டகையை எடுத்துக்கொண்டார், ஜனவரியில் ஆலை ஓடுமாம். வாத்தியார் இப்போது, உண்மையைச் சொல்வதற்கென்றே உடையப்பனை அந்தக் கடையில் உட்கார வைத்தது குழுவின் திட்டம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்குப் பாய்லரும் பம்பும். பெண்கள் பகுதியில் வேலை வாங்குகிற மண்டோர் இராஜம்மா, அவளைத்தான் முதலில் எடுத்தார்கள், சம்பளமும் அவளுக்குத்தான் கூட. உங்கள் மூத்த மகளுக்கு இங்கே வேலை வேண்டுமென்றால் எழுதுங்கள், ஆனால் மனுவை எனக்கு அனுப்பாதீர்கள், இராஜம்மா பேருக்கு அனுப்புங்கள். நான் சிபாரிசு செய்தால் எடுபடாது. "வேலைன்னு வந்துட்டா சொந்தம் பாக்கக்கூடாதுங்க" என்று இன்று காலையே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அப்போது நான் கேட்டது ஒரு கோப்பை காப்பிதான்.