ருலொட்டில் ஏழு நாள்

அலோசியஸ் தன் ஆயுசிலேயே முதல் தடவையாக ஒரு முடிவெடுத்தார். அதுவும் மனுசி மாக்கிரட்டைக் கேளாமல் எடுத்தார்.

விஷயம் இதுதான். மாக்கிரட்டின் தம்பி பீலிக்ஸ் ரோமிலிருந்து பலெர்மோவுக்கு வருகிறானாம். பெண்சாதி, இரண்டு பிள்ளைகளோடு வருகிறானாம். "ஒரு வீடு பாக்கும் மட்டும்", அதாவது வீடு கிடைக்கிறவரைக்கும், அக்கா வீட்டில் தங்குவானாம். ஒரு வீடு பாக்கும் மட்டும்! இந்த நாலு சொல்லைக் கேட்டாலே அலோசியஸ் வீட்டிலிருக்கிற பாய்களை எண்ணத் தொடங்கிவிடுவார்.

பலெர்மோவின் சீசாப் பகுதியில், மூன்றாம் மாடியில், அவருக்கு இருந்தது ஒரேயொரு அறை. கலியாணம் கட்டி ஆறு வருஷம். முதலில் மாக்கிரட்டின் மாமா வந்தார். வீடு பார்க்கப் பதினாலு மாதம் எடுத்தார். பிறகு மாமாவின் மருமகன். பிறகு ஊர்க்காரர் மூன்று பேர். ஒருவர் குறட்டை விடுவார், மற்ற இருவரும் அதைப் பற்றி விடியும்வரை சண்டை பிடிப்பார்கள். போன பங்குனியில்தான் கடைசி ஆள் பாயைச் சுருட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு அலோசியஸ் அழுதார். மனுசியிடம் தனியாகச் சொல்ல அவரிடம் ஒரு விஷயம் இருந்தது. ஆறு வருஷமாகக் காத்திருந்ததில் அது என்ன விஷயம் என்று அவருக்கே மறந்துபோய்விட்டது.

அவர் வேலை செய்கிற வீட்டு வக்கீலின் முற்றத்தில் ஒரு பழைய ருலொட் கறள் பிடித்துக் கிடந்தது. ருலொட் என்றால் காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துப் போகிற சின்ன வீடு. "வேணுமெண்டால் கொண்டு போ" என்று வக்கீல் கொடுத்துவிட்டார். அங்கேதான் அலோசியசின் மூளை வேலை செய்தது.

"மாக்கிரட், இந்த ஆவணியிலை நாங்கள் லீவிலை போறம்."

"எங்கை?"

"மலைப்பக்கம், வக்கீலின்ர ஒலிவ் தோட்டத்துக்கு. ருலொட்டிலை ஏழு நாள்."

"கரண்ட்?"

"இல்லை."

"பைப்?"

"இல்லை."

"போன்?"

"அது இல்லவே இல்லை!" அலோசியஸ் கொஞ்சம் கூடுதலாகவே சந்தோஷப்பட்டுவிட்டார்.

"பீலிக்ஸ் பதினாலாம் திகதி வாறானெல்லே?"

"ஐயோ, அப்பிடியே? எனக்கு நினைவே இல்லையப்பா. லீவு சொல்லியாச்சு. பாவம் பொடியன், ரெண்டு தரம் பெல் அடிப்பான். பிறகு பக்கத்துத் தெரு அம்பலவாணர் வீட்டை போவான். வேறை எங்கை போறது? அவையளுக்கு ரெண்டு அறையும் இருக்கு."

மாக்கிரட் சத்தம் போடுவாள் என்று அவர் ஆறு பதில் பாடமாக்கி வைத்திருந்தார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஓம், போவம்" என்றாள்.

புத்தியுள்ள மனுசன் அந்த இடத்திலேயே சந்தேகப்பட்டிருப்பான். எங்கள் ஆள் விசிலடித்தார்.

போகிற அன்றைக்குக் கதவைப் பூட்டி, வீட்டுத் திறப்பு இரண்டையும் சேட்டுப் பைக்குள் போட்டு, பைக்கு ஊசியும் குத்திக்கொண்டார். சிநேகிதன் யோசேப் தன் காரில் ருலொட்டை இழுத்துக்கொண்டு போய் ஒலிவ் மரங்களுக்கு நடுவில் விட்டுவிட்டுத் திரும்பினான்.

முதல் நாளே ருலொட் விளக்கின் பற்றரி செத்தது. இரண்டாம் நாள் மத்தியானம் கொண்டுபோன பிளாஸ்டிக் கான் இரண்டிலும் தண்ணீர் முடிந்தது. கிணற்றை எட்டிப் பார்த்தால் அடியில் ஒரு தவளை மட்டும் இருந்தது, அதற்கும் சுகமில்லை. தண்ணீருக்கு அரை மணித்தியாலம் கீழே இறங்க வேண்டும்; ஏற முக்கால் மணித்தியாலம். காலையில் ஒரு நடை, பின்னேரம் ஒரு நடை. உள்ளே நிமிர்ந்தால் தலை இடிக்கும், படுத்தால் கால் வெளியே நிற்கும். தகரக் கூரை கொதித்தது. அலோசியஸ் மூன்று நாளில் இளைத்துக் கறுத்துப்போனார்.

மாக்கிரட்டுக்கு ஒரு குறையும் இல்லை. அவள் மன்னார்க்காரி. மடு மாதா திருவிழாவுக்குக் காட்டில் கொட்டில் போட்டுக் கிழமைக் கணக்காய் இருந்து பழகினவள். அரிசி கழுவின தண்ணீரில் கோப்பை கழுவினாள், கோப்பை கழுவின தண்ணீரில் கால் கழுவினாள்.

"பாக்கப் பாவமாய்க் கிடக்கு. திரும்பிப் போவமே?"

"ஏழு நாள் எண்டால் ஏழு நாள்!"

அவருக்கு ஒரேயொரு ஆறுதல் இருந்தது. பூட்டின கதவுக்கு முன்னால் பெட்டியும் பிள்ளைகளுமாக நிற்கிற பீலிக்ஸை நினைத்துக்கொள்வார். நினைத்தவுடன் முதுகு நோவு கொஞ்சம் குறையும்.

ஐந்தாம் நாள் பின்னேரம் மாக்கிரட் வந்து பக்கத்தில் குந்தினாள். வெய்யில் தணிந்திருந்தது.

"ஆறு வருஷத்துக்குப் பிறகு ஒரு வேலைவெட்டியும் இல்லாமல் ரெண்டு பேரும் தனிய இருக்கிறம். ஏதும் கதையுங்கோவன்."

அலோசியஸ் நன்றாக யோசித்தார்.

"பீலிக்ஸ் இப்ப அம்பலவாணர் வீட்டிலை என்ன சாப்பிடுவான்?"

மாக்கிரட் எழும்பி உள்ளே போய்விட்டாள். அவருக்கு என்னவோ போலிருந்தது. ஏதோ பெரிய பிழை விட்டுவிட்டோம் என்று மட்டும் விளங்கியது, என்ன பிழை என்று விளங்கவில்லை. அன்றைக்கு இருட்டும்வரை தனியே இருந்தார்.

ஏழாம் நாள் யோசேப் வந்து இழுத்துக்கொண்டு போனான். வக்கீலின் முற்றத்துக்குப் போகாமல், சீசாவில் அவர்களின் வீட்டு வாசலிலேயே ருலொட்டைக் கழற்றினான்.

"இஞ்சை ஏன்ரா விடுறாய்?"

"அக்கா இஞ்சைதான் விடச் சொன்னவ."

அலோசியஸ் மூன்று மாடி ஏறி, ஊசியைக் கழற்றி, திறப்பை எடுத்தார். கதவு தானாகத் திறந்தது. அலோசியசின் சாரத்தைக் கட்டிக்கொண்டு பீலிக்ஸ் நின்றான்.

"வாங்கோ அத்தான், வாங்கோ! லீவு எப்பிடி?"

சொந்த வீட்டில் அவரை உள்ளே வரச் சொன்னார்கள். அவருடைய கட்டிலில் இரண்டு பிள்ளைகள் குறுக்கே படுத்திருந்தன. குசினியில் பீலிக்ஸின் பெண்சாதி மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள்.

"திறப்பு... ரெண்டும் என்னட்டை..."

"மூண்டாவது ஒண்டு வெட்டுவிச்சனான்" என்றாள் மாக்கிரட். "நான் வேலை செய்யிற வீட்டுச் சிஞ்ஞோராக்கள் கடலுக்குப் போகேக்கை, பூக்கண்டுக்குத் தண்ணி ஊத்தச் சொல்லி ஒரு திறப்பை என்னட்டைத் தந்திட்டுத்தான் போறவை. நான் இப்பத்தான் முதல் தரம் லீவிலை போறன். ஆரிட்டையும் திறப்புக் குடாமல் போனால் மரியாதையே?"

"ஆரிட்டைக் குடுத்தனி?"

"அம்பலவாணர் வீட்டிலை. பீலிக்ஸ் அங்கைதான் போவான் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

யன்னலில் நின்ற ஒரேயொரு கறிவேப்பிலைக் கன்று செழிப்பாகத்தான் இருந்தது.

"அப்ப நான் எங்கையப்பா படுக்கிறது?"

"வாசலிலை நிக்குதே! கரண்டும் பைப்பும் இல்லாமல் இருக்க உங்களை விடப் பழகின ஆள் இந்தப் பலெர்மோவிலை ஆர்? அவன் ஒரு வீடு பாக்கும் மட்டும்தானே."

பின்னேரம் அலோசியஸ் ருலொட்டின் படியில் குந்தியிருந்தார். மூன்றாம் மாடி பல்கணியிலிருந்து கயிற்றில் ஒரு கூடை இறங்கியது. கடைக்காரனிடம் மரக்கறி வாங்க அந்தத் தெருப் பெண்கள் இறக்குகிற அதே கூடை. சோறு, மீன் குழம்பு, ஒரு போத்தல் தண்ணீர். அந்த நேரம் பார்த்து, ஆறு வருஷமாய் மறந்திருந்தது அவருக்கு நினைவு வந்தது. நீ இல்லாமல் இந்த ஊரில் என்னால் ஒரு நாளும் இருந்திருக்கேலாது என்பதுதான் அது. கண் கலங்கிவிட்டது.

"மாக்கிரட்! உனக்கு ஒண்டு சொல்ல வேணும். கீழை வாவன், தனியக் கதைப்பம்!"

மாக்கிரட் பல்கணியால் எட்டிப் பார்த்தாள்.

"நாளைக்குச் சொல்லுங்கோ. இஞ்சை ஃபான் ஓடுது."